மருந்து ஒன்று, மதிப்பு மட்டும் இரண்டா?

நாரணாபுரம். பொழுது புலரும் நேரம். சாலையோரத் தேநீர்க் கடையிலே கூட்டம். பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன் வருவதற்குள் ஒரு குவளைத் தேநீர், ஒரு புரட்டுச் செய்தித்தாள் என்று நமது தோழர்கள் நிற்கிறார்கள். அவர்களிலே ஒருவர், மருந்து அறையிலே இருபது ஆண்டுகளைக் கழித்தவர். நகக்கண்ணிலே அலுமினியத் தூள் ஏறி, வெள்ளி பூசியதுபோல் மின்னுகிறது. வீட்டிலே வெள்ளி இல்லை, விரலிலேதான் இருக்கிறது!

கையிலே இருந்த தாளில் ஒரு படம். டாங்கிப் படம். குடியரசு நாள் அணிவகுப்பிலே குழாயை உயர்த்தியபடி உருண்டு வரும் இரும்பு யானை. அதைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். கேட்டார்:

"தம்பி, நாங்களும் மருந்துதான் கலக்குறோம். இதுக்குள்ளயும் மருந்துதான் இருக்குங்கிறாங்க. எங்க மருந்து வெடிச்சா விபத்து, நாலு நாள் பேச்சு, அப்புறம் மறதி. இந்த மருந்து வெடிச்சா வீரம், மெடல், ஊர்வலம். மருந்து ஒண்ணுதானே? மதிப்பு மட்டும் ஏன் ரெண்டா இருக்கு?"

கல்லூரிப் பேராசிரியர் கேட்டிருந்தால் நாம் இரண்டு மேற்கோளைச் சொல்லித் தப்பியிருப்போம். கேட்டவர் கந்தகத்தை மூக்காலேயே எடை போடக்கூடிய தொழிலாளி. ஏமாற்ற முடியாது, ஏமாற்றவும் கூடாது. ஆகவே, "அண்ணாச்சி, நாளைக்கு எழுதுகிறோம்" என்றோம். அந்தக் கடன் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

டாங்கிக் குண்டு என்பது என்ன? எங்கே பிறந்தது? எப்படி வளர்ந்தது? யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? நம் தமிழகத்துக்கு அதிலே என்ன பங்கு? அதைச் செய்கிற கைக்கும், நாரணாபுரத்துக் கைக்கும் என்ன உறவு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்.

* * *

முதலில் மருந்து. வெடியுப்பு எழுபத்தைந்து பங்கு, கரி பதினைந்து, கந்தகம் பத்து. இது கருமருந்து. சீனத்திலே தோன்றி, அரபு நாடு கடந்து, ஐரோப்பா போய், பீரங்கியாகித் திரும்பி வந்து நம்மையே அடிமை கொண்ட மருந்து. நூற்றாண்டு நூற்றாண்டாக வாணவேடிக்கைக்கும் அதுதான், போருக்கும் அதுதான். 1780-ல் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரிலே வெள்ளையர் படையின் வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடித்தது, படை குலைந்தது. மைசூரார் விட்ட ஏவுகணை வாணம்தான் காரணம் என்று சொல்வார்கள். வாணமும் ஆயுதமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருந்த காலம் அது.

பிறகு பாதை பிரிந்தது. 1887-ல் நோபல் என்ற அறிவியலார் புகையில்லா மருந்து ஒன்றைக் கண்டார். 1889-ல் ஆபெல், டூவர் என்ற இருவர் இங்கிலாந்திலே கார்டைட் கண்டார்கள். பஞ்சை அமிலத்திலே ஊற வைத்துச் செய்த நைட்ரோ செல்லுலோசும், நைட்ரோ கிளிசரினும் சேர்ந்த மருந்து. கயிறுபோல் திரித்து எடுப்பார்கள். புகை குறைவு, உந்து வலிமை மிகுதி. அன்று முதல் போர்முனையிலே கருமருந்துக்கு வேலை சுருங்கிற்று. அது நம்மைப் போன்ற ஏழைகளிடம் வந்து, திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் ஊழியம் செய்யலாயிற்று.

நமது தோழர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களே நமக்குச் சொல்வார்கள். புஸ்வாணத்து மருந்து வேறு, அணுகுண்டு மருந்து வேறு. ஒன்று எரியும், ஒன்று பிளக்கும். டாங்கியிலும் அப்படித்தான். குண்டைக் குழாயிலிருந்து தள்ளுகிற மருந்து எரிய வேண்டும், வெடிக்கக் கூடாது. வெடித்தால் குழாய் கிழியும். உள்ளே இருக்கும் நம் பிள்ளை சாவான். ஆகவே அந்த மருந்தை மணி மணியாக வார்த்து, ஒவ்வொரு மணியிலும் துளைகள் இடுகிறார்கள். எரிய எரியத் துளை அகலும். எரியும் பரப்பு பெருகும். குண்டு குழாயிலே ஓட ஓட, பின்னாலிருந்து தள்ளும் வாயுவும் குறையாமல் வரும். மருந்து ஒரு நாயின் குணம் கொண்டது. பழக்கினால் காவல் காக்கும், பழக்காவிட்டால் வளர்த்தவனையே கடிக்கும்.

* * *

இனி வரலாறு. 1916 செப்டம்பர் 15. பிரான்சு நாட்டிலே சோம் ஆற்றுப் போர்முனை. ஆங்கிலேயர் முதன்முதலாக டாங்கியைக் களத்திலே விட்டார்கள். துப்பாக்கி ரவை தட்டிப் பார்த்துத் தெறித்து விழுந்தது. அன்று தொடங்கியது ஒரு பந்தயம். தகடு முந்துமா, குண்டு முந்துமா? நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பந்தயம் முடியவில்லை. ஓடுகிறவர்கள் நாடுகள்; பணம் கட்டுகிறவர்கள் ஏழைகள்; பரிசு வாங்குகிறவர்கள் ஆயுத வணிகர்கள்!

முதலில் கெட்டி எஃகுக் குண்டு. உடனே தகட்டைத் தடிப்பாக்கினார்கள். குண்டைப் பெரிதாக்கினார்கள். தகட்டைச் சாய்த்து வைத்தார்கள். குண்டு வழுக்கி ஓடியது. குண்டுக்குத் தொப்பி போட்டார்கள். சாய்ந்த தகட்டையும் அது பற்றிக்கொண்டது. இப்படியே இரண்டாம் உலகப்போர் வந்தது.

அந்தப் போரிலேதான் டங்ஸ்டன் என்ற உலோகம் களம் புகுந்தது. எஃகைவிட மிகக் கடினம். ஏறத்தாழ தங்கத்துக்கு ஈடான கனம். குண்டின் நடுவே டங்ஸ்டன் கார்பைடு மூக்கை வைத்தார்கள் ஜெர்மானியர்கள். ஆனால் டங்ஸ்டன் அவர்கள் மண்ணிலே இல்லை. போர்த்துகல்லிலே இருந்தது. நடுநிலை நாடு என்று பெயர் வைத்துக்கொண்ட போர்த்துகல், இந்தக் கட்சிக்கும் விற்றது, அந்தக் கட்சிக்கும் விற்றது. 1944 ஜூனிலேதான் ஏற்றுமதியை நிறுத்தியது. ஒரு மலையிலே தோண்டிய கல், இரு படைகளின் பிள்ளைகளையும் கொன்றது. இந்த மலைக் கதையை நினைவிலே வையுங்கள், தோழர்களே. பின்னால் நம் வீட்டு வாசலுக்கே வரப்போகிறது.

1944-ல் ஆங்கிலேயர் ஒரு தந்திரம் செய்தார்கள். குழாய் அகலம், குண்டு ஒல்லி. இடைவெளியை இலேசான உறை ஒன்றால் நிரப்பினார்கள். மருந்தின் முழுத் தள்ளுதலையும் உறை வாங்கிக்கொள்ளும். குழாய் வாயைத் தாண்டியதும் உறை சிதறி விழும். ஒல்லிக் குண்டு மட்டும் முழு வேகத்தோடு பறக்கும். உறை உதறும் குண்டு என்று சொல்லலாம். இன்றைய டாங்கி அம்புக்கு இதுதான் பாட்டன்.

மற்றொரு கிளையும் உண்டு. 1888-ல் அமெரிக்காவிலே மன்றோ என்பவர், வெடிமருந்துக் கட்டியிலே ஒரு குழி இருந்தால், வெடிப்பின் வலிமை அந்தக் குழியின் பக்கம் குவிகிறது என்று கண்டார். பின்னால் வந்தவர்கள் அந்தக் குழியைக் கூம்பாக்கி, உள்ளே செம்புத் தகடு பதித்தார்கள். மருந்து வெடிக்கும்போது அந்தச் செம்புக் கூம்பு நசுங்கி, ஈட்டிபோல் நீண்டு, நுனியிலே நொடிக்கு 8 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தோடு பாய்கிறது. அது தகட்டை உருக்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள், உருக்குவதில்லை. விசையாலேயே விலக்கித் துளைக்கிறது. பசூக்காவும், பான்சர்ஃபாஸ்டும் இதன் பிள்ளைகள். தோளிலே தூக்கிச் செல்லும் குழாயால் தனி மனிதன் ஒருவன் டாங்கியை நிறுத்த முடிந்தது.

மூன்றாவது வகை ஒன்று. பிசைந்த மாவு சுவரிலே அப்புவதுபோல், தகட்டின்மேல் அப்பிக்கொண்டு வெடிக்கும் குண்டு. அது தகட்டைத் துளைக்காது. அதிர்ச்சியாலே உள்பக்கத்துத் தகட்டைச் சில்லுச் சில்லாகத் தெறிக்க வைக்கும். ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பு. நமது அர்ஜுன் டாங்கியிலும் இந்த வகை உண்டு.

* * *

இனி, பரவிய கதை. 1956. ஹங்கேரி நாட்டிலே கிளர்ச்சி. கிளர்ச்சிக்காரர்கள் ரஷ்ய டாங்கி ஒன்றைப் பிடித்து, புடாபெஸ்ட் நகரத்து ஆங்கிலத் தூதரக வளாகத்துக்குள் ஓட்டி வந்தார்கள். தூதரகத்துப் படை அதிகாரி அதன் தகட்டை அளந்து பார்த்தார். "நம் குண்டு இதிலே செல்லாது" என்று கண்டார்கள். பிறந்தது 105 மில்லிமீட்டர் பீரங்கி. பழைய டாங்கியிலேயே மாற்றிப் பொருத்தலாம் என்பதால் அது காட்டுத்தீயாகப் பரவியது. அமெரிக்கா எடுத்தது, ஜெர்மனி எடுத்தது, இஸ்ரேல், ஜப்பான் எடுத்தன, பிற்காலத்திலே சீனம்கூட எடுத்தது. நாமும் எடுத்தோம். 1961-ல் ஆங்கிலேய நிறுவனத்தோடு உடன்படிக்கை. 1965-ல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதன் நெற்றியிலே இருந்தது அந்த 105 பீரங்கிதான். புடாபெஸ்டிலே அளந்த தகடு, ஆவடியிலே வேலை தந்தது. உலகம் எவ்வளவு சிறியது, பாருங்கள்!

அதே 1965 செப்டம்பரிலே பஞ்சாபின் கேம்கரன் பகுதியிலே, அசல் உத்தர் என்ற ஊரிலே போர். அமெரிக்கா தந்த பேட்டன் டாங்கிகளோடு பாகிஸ்தான் படை வந்தது. ஜீப்பின்மேல் வைத்த 106 மில்லிமீட்டர் பீரங்கியால் அவற்றை ஒவ்வொன்றாக முடக்கி, கடைசியிலே தானும் வீழ்ந்தார் அவில்தார் அப்துல் ஹமீது. தையல் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை. பரம்வீர் சக்கரம் பெற்றவர். இரும்பு மலையை நிறுத்தியது ஏழைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்பதை நாம் மறக்கலாகாது.

1961-ல் ரஷ்யர்கள் வேறு வழியிலே போனார்கள். குழாயின் உள்ளே சுழற்சிக்காக வெட்டும் புரிகளை எடுத்துவிட்டு, வழவழப்பான குழாய் செய்தார்கள். நீண்ட அம்பைச் சுழலவிட்டால் தள்ளாடும்; அதற்குச் சிறகு வைத்தால் நேரே போகும். வில்லும் அம்பும் கண்ட நம் பாட்டன்மார்களுக்குத் தெரிந்த உண்மைதான்! இப்படிப் பிறந்தது சிறகுள்ள, உறை உதறும் அம்பு. ரஷ்யர் 115 மில்லிமீட்டர், பின்னர் 125. ஜெர்மானியர் 1979-ல் 120. அமெரிக்கர் அதையே எண்பதுகளிலே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அம்பை நமது மருந்தறைத் தோழர் பார்த்தால் வியப்பார். ஏனென்றால், அம்பிலே மருந்தே இல்லை! பின்னால் தள்ளுவதற்குத்தான் மருந்து. அம்பு வெறும் உலோகக் கம்பி. பருமனைப்போல் இருபது முப்பது மடங்கு நீளம். நொடிக்கு 1500 மீட்டருக்கும் மேலான வேகம். அந்த வேகத்திலே எஃகும் எஃகாக நடந்துகொள்வதில்லை, சேறுபோல் விலகுகிறது. நீளமும், கனமும், வேகமும்தான் வெல்கின்றன.

இதிலே இரகசியம் என்று ஒன்று உண்டா? கேளுங்கள். 1982. லெபனான் போர். இஸ்ரேல் செய்த 105 அம்பு, சுல்தான் யாகூப் என்ற ஊரிலே டாங்கியோடு சிரியாவின் கையிலே சிக்கியது. சிரியா அதை மாஸ்கோவுக்கு அனுப்பியது. சோதித்துப் பார்த்த ரஷ்யர், தம் டி-72 டாங்கியின் முகத்திலே 16 மில்லிமீட்டர் கூடுதல் தகடு பதித்தார்கள். அப்படித் தகடு பதித்த வகைதான் பின்னர் ஆவடியிலே கட்டப்பட்ட டி-72 எம்-1. நேற்றைய இரகசியம் இன்றைய சரக்கு. இன்றைய சரக்கு நாளைய குப்பை. ஒருவனுக்கு வேல் விற்றவன், அவன் எதிரிக்குக் கேடயம் விற்கிறான். இரண்டு விலையும் ஏழை கொடுத்த வரிதான்!

* * *

நம் தமிழகத்தின் பங்குக்கு வருவோம். மூன்று ஊர்கள். நீலகிரியிலே அருவங்காடு, திருச்சி, ஆவடி.

அருவங்காடு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வெள்ளையன் கட்டிய கார்டைட் ஆலை. மலைக் குளிரிலே, மரங்களுக்கு நடுவே, உந்து மருந்து பிறக்கிறது. ஆவடியிலே விஜயந்தா, டி-72, டி-90, அர்ஜுன் என்று டாங்கிகள் எழுந்தன. அர்ஜுன் ஆவடியிலேயே வரைந்து, ஆவடியிலேயே வார்த்த வண்டி. 1974-ல் ஒப்புதல் பெற்றது, 2004-ல்தான் படையிலே சேர்ந்தது. முப்பது ஆண்டு!

திருச்சியிலே எச்.ஏ.பி.பி. என்று ஊரார் அழைக்கும் ஆலை. நாம் மேலே சொன்ன அம்பு அங்கேதான் பிறக்கிறது. எப்படி? டங்ஸ்டன் 3400 பாகை வெப்பத்திலேதான் உருகும். எந்த உலை தாங்கும்? ஆகவே உருக்குவதில்லை. தூளாக்குகிறார்கள். டங்ஸ்டன் தூளோடு நிக்கல், இரும்புத் தூள் கலந்து, அழுத்தி, சுமார் 1500 பாகை உலையிலே வைக்கிறார்கள். நிக்கலும் இரும்பும் உருகி, டங்ஸ்டன் மணிகளைச் சாந்துபோல் ஒட்டுகின்றன. பிறகு அடித்து நீட்டி, கடைந்து, அம்பாக்குகிறார்கள். தூளை எடை பார்த்துக் கலக்குவதும், கலவை பிசகினால் உருப்படி பாழாவதும் நாரணாபுரத்துக்குப் புதிதா? திருச்சித் தோழனுக்கும் சிவகாசித் தோழனுக்கும் தொழில் உறவு இருக்கிறது, அறிமுகம்தான் இல்லை!

அந்தத் தோழர்களுக்கு என்ன மதிப்புக் கிடைத்தது? 2021 அக்டோபர் 1. நாடு முழுவதும் இருந்த 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். அருவங்காடும், எச்.ஏ.பி.பி.யும் ஒரு கம்பெனி. ஆவடி ஒரு கம்பெனி. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை வேறு ஒரு கம்பெனி. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, வேலைநிறுத்தம் செய்வோம் என்றன. என்ன பதில்? அந்த ஆண்டு ஜூன் இறுதியிலே அவசரச் சட்டம். ஆகஸ்டிலே நாடாளுமன்றச் சட்டம். பாதுகாப்புத் தொழிலிலே வேலைநிறுத்தம் குற்றம் என்று அன்று ஆக்கினார்கள்! அணிவகுப்பிலே டாங்கிக்கு வணக்கம்; அதைச் செய்தவன் வாயைத் திறந்தால் விலங்கு!

"தொழிலாளி சரியாக வேலை செய்யாததால்தானே கம்பெனி ஆக்கினோம்?" என்பார் சிலர். 2015-ல் மத்தியத் தணிக்கைத் துறை, படைக்கு வேண்டிய வெடிபொருள் இருப்பு போதவில்லை என்று அறிக்கை தந்தது உண்மை. குறையை மறைக்க நாம் வரவில்லை. ஆனால் எது வேண்டும், எத்தனை வேண்டும், எப்போது வேண்டும் என்று முடிவு செய்தவன் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவனா? அயல்நாட்டு நிறுவனத்தோடு பேரம் பேசியவன் அவனா? இலஞ்சப் புகாரிலே இஸ்ரேல் நிறுவனம் உட்படச் சில நிறுவனங்களை 2012-ல் அரசே கறுப்புப் பட்டியலிலே சேர்த்தது. அந்த வழக்கிலே அகப்பட்டவர் தொழிற்சாலை வாரியத்தின் தலைமை நாற்காலியிலே இருந்தவர்; உலைக்களத்திலே வெந்தவர் அல்ல. தலை செய்த பிழைக்குக் கை தண்டனை பெறுவதுதான் நியாயமா?

* * *

போர்த்துகல் மலையை நினைவிலே வைக்கச் சொன்னோம் அல்லவா? இதோ, வாசலுக்கு வந்துவிட்டது.

உலகத்து டங்ஸ்டனில் பெரும்பங்கு சீனத்திடம் இருக்கிறது. 2025 பிப்ரவரியிலே சீனம் அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதற்கு முன்பே, 2023-ல், நம் மத்திய அரசு 30 கனிமங்களை இன்றியமையாதவை என்று பட்டியலிட்டது. டங்ஸ்டன் அதிலே ஒன்று. அப்புறம்? 2024 நவம்பர் 7. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்திலே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலத்திலே ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போயிற்று. ஏறத்தாழ 2015 ஹெக்டேர். அதற்குள்ளே அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், சமணர் படுகை, தமிழி எழுத்து, பாண்டியர் காலக் குடைவரை, வற்றாத சுனைகள். 2022-லேயே பல்லுயிர் மரபுத் தலம் என்று அரசு அறிவித்த ஊர்!

மேலூர் மக்கள் எழுந்தார்கள். உழவர், பெண்கள், வணிகர், மாணவர். 2024 டிசம்பர் 9-ல் தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7-ல் மக்கள் வெள்ளம் மதுரையை நோக்கி நடந்தது. சனவரி 23-ல் ஏலம் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தது. படை வெல்லவில்லை, பணம் வெல்லவில்லை, கால் வென்றது!

"நாட்டுப் பாதுகாப்புக்கு வேண்டிய கனிமத்தைத் தடுத்தீர்களே, இது முறையா?" என்று கேட்கிறார் பட்டணத்து நண்பர். நண்பரே, டங்ஸ்டன் அம்புக்கு மட்டுமா? துளையிடும் உளிக்கும், கடைசல் கருவிக்கும், விளக்கின் இழைக்கும் அதுதான். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்த நாட்டைக் காக்க வேல் செய்கிறீர்களோ, அந்த நாடு என்பது எது? வரைபடத்துக் கோடா? இல்லை. அரிட்டாபட்டிக் கண்மாயும், மேலூர் வயலும், அங்கே பிழைக்கும் மக்களும்தான் நாடு. வீட்டைக் காக்க வேலி வேண்டும். அதற்காக வீட்டின் தூணையே வெட்டுவார்களா? தேய்ந்த உளியிலும், உடைந்த கருவியிலும் கிடக்கும் டங்ஸ்டனைத் திரும்ப எடுக்கும் முறை உலகறிந்தது. அதை முதலிலே செய்யுங்கள். தோண்டுவதானால் ஊரைக் கேட்டுத் தோண்டுங்கள்.

டங்ஸ்டனுக்குப் பதிலாக வல்லரசுகள் தேடிய வழி இன்னும் கொடிது. அணு ஆலைக் கழிவிலே மிஞ்சும் யுரேனியத்தை அம்பாக்கினார்கள். 1991-ல் ஈராக்கின் மணலிலே அமெரிக்கா எய்தது. 2023-ல் இங்கிலாந்தும் அமெரிக்காவும் உக்ரைனுக்கு அனுப்புவதாக அறிவித்தன. டாங்கி எரிந்து முடியும். அதன் நச்சுத் தூள் மண்ணிலே கிடக்கும். போர் முடிந்தபின் அந்த மண்ணை உழப்போகிறவன் தளபதியா? உழவன்!

* * *

கடைசியாக, நம் தோழர் கேட்ட கேள்வியின் கருவுக்கு வருகிறோம்.

ரஷ்ய டாங்கியிலே குண்டேற்ற ஆள் இல்லை, பொறி உண்டு. 22 குண்டும் மருந்தும் வட்டமாக, வீரர்களின் காலடியிலேயே அடுக்கியிருக்கும். வண்டி தாழ்வாக, இலேசாக, மலிவாக அமைந்தது. ஆனால் தகடு துளைபட்டால்? மருந்து பற்றும், மேல் கூண்டு பிய்த்துக்கொண்டு பறக்கும். 1991-ல் ஈராக்கிலே கண்டோம். 2022 முதல் உக்ரைனிலே கண்டோம். அமெரிக்க டாங்கியிலே பெரும்பாலான குண்டுகளைத் தனி அறையிலே, இரும்புக் கதவுக்குப் பின்னால் வைத்தார்கள். பற்றினால் கூரைத் தகடு திறந்து, தீ வானத்துக்குப் போகும், வீரன் மேலே வராது. மருந்து ஒன்றுதான், ஆனால் ஆளை மனத்திலே வைத்து அறை கட்டினார்களா, விலையை மனத்திலே வைத்துக் கட்டினார்களா என்பதிலேதான் உயிர் இருக்கிறது.

இந்தப் பாடத்தை அப்படியே நாரணாபுரத்துக்குக் கொண்டு வாருங்கள். 2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. நம் கண்ணெதிரே முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. அதற்கு முன்னும் நடந்தது, பின்னும் நடந்தது. ஒவ்வொரு முறையும் செய்தியிலே ஒரே சொல்: உராய்வு! மருந்து தானாக உராய்ந்ததா? இல்லை. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையிலே கூட்டத்தை அடைத்தது யார்? அளவுக்கு மேல் மருந்தைக் குவிக்கச் சொன்னது யார்? வெயில் ஏறியபின்னும் வேலை நடத்தியது யார்? உரிமம் ஒருவர் பெயரிலே, நடத்துவது உள்குத்தகைக்காரர் என்று விட்டது யார்? எண்ணிக்கைக் கூலி என்று வைத்து, பசியையே கங்காணியாக்கி, கையை அவசரப்படுத்தியது யார்? இத்தனையும் உராய்ந்துதான் தீ வந்தது!

சரி, அரசே நடத்தும் படைக்கல ஆலை சொர்க்கமா? அதுவும் இல்லை. 2016 மே 31-ல் மராட்டிய மாநிலத்துப் புல்காவ் கிடங்கு வெடித்தது. டாங்கியை உடைக்கச் செய்த கண்ணிவெடிகள், குறையுள்ளவை என்று தெரிந்தும் ஆண்டுக்கணக்கிலே அங்கே கிடந்தன. எதிரி டாங்கியை அவை தொடவில்லை. நம் வீரர்களையும் தீயணைப்புத் தோழர்களையும் கொன்றன. 2025 சனவரி 24-ல் அதே மாநிலத்துப் பண்டாரா படைக்கல ஆலையிலே வெடிப்பு. எட்டுத் தொழிலாளர் மாண்டனர். அவர்களுக்கு எந்த அணிவகுப்பிலே இடம் கிடைத்தது?

ஆகவே அண்ணாச்சி, உங்கள் கேள்விக்கு நமது விடை இது. மருந்துக்கு மதிப்பு இரண்டு அல்ல. எங்கும் மருந்துக்கு மதிப்பு இருக்கிறது. மருந்தைத் தொடும் கைக்குத்தான் எங்கும் மதிப்பில்லை. அருவங்காட்டிலும் இல்லை; பண்டாராவிலும் இல்லை; நாரணாபுரத்திலும் இல்லை. டாங்கிக்குள்ளே உட்கார்ந்திருக்கும் சிப்பாய்க்குக்கூட, அவன் செத்தபின்தான் மதிப்பு!

நாம் கேட்பது என்ன? பட்டாசுத் தொழிலை மூடச் சொல்லவில்லை. அதை மூடினால் நம் அடுப்பு மூடும். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டைத் தடை செய்தபோதே எத்தனை வீட்டிலே உலை ஏறவில்லை என்பது நமக்குத் தெரியும். படைக்கலம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காவல் இல்லாத தோட்டம் காடாகும். நாம் கேட்பது ஒன்றே. டாங்கி அம்பின் எடையிலே ஒரு குன்றிமணி பிசகினாலும் பொறுக்காத அரசு, தொழிலாளியின் அறையிலே நான்கு பேர் பன்னிரண்டு பேராவதைப் பொறுக்கக் கூடாது. அம்பைச் சோதிக்கத் தனிக் கூடம் உண்டு. மருந்தறையைச் சோதிக்க வருகிறவர் வாயிலோடு திரும்பக் கூடாது. உள்குத்தகை ஒழிய வேண்டும். மருந்து வேலைக்கு எண்ணிக்கைக் கூலி போய், நாட்கூலி வர வேண்டும். செத்தபின் தரும் இழப்பீட்டைவிட, சாகாமல் காக்கும் சுவருக்கு முதலிலே பணம் வர வேண்டும்.

இதை யார் கேட்பது? வேறு யாரும் வரமாட்டார்கள். மேலூர் மக்கள் நடந்த கால்களைப் பாருங்கள். அவர்களிடம் பீரங்கி இல்லை, ஒற்றுமை இருந்தது. திருச்சித் தோழனும், அருவங்காட்டுத் தோழனும், நாரணாபுரத்துத் தோழனும் ஒரே மேடையிலே நின்று, "நாங்கள் மருந்துக்காரர்கள், எங்கள் உயிருக்கு விலை பேசாதே" என்று சொல்லும் நாள் ஒன்று வரட்டும்.

மறுநாள் விடியலிலே அதே தேநீர்க் கடையிலே இதை அவரிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டே இருந்தார். வேன் வந்தது. மடியிலிருந்த பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். ஆலைக்குள் கொண்டுபோகக் கூடாது அல்லவா? சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வது நாள்தோறும் வழக்கம்.

"எழுதுங்க தம்பி," என்றார். "நான் சாயங்காலம் வந்து படிக்கிறேன்."

வேன் போயிற்று. கடைப் பலகையிலே அந்தத் தீப்பெட்டி இருந்தது. தோழர்களே, நாள்தோறும் மாலையிலே அந்தத் தீப்பெட்டியை அதன் உரிமையாளர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். நம் போராட்டம் அவ்வளவுக்குத்தான், அவ்வளவும் அதற்குத்தான்!